இரண்டும் கொள்ளாம்

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். விளக்காவிட்டால் என் அத்தானைப் புரியாது. விளக்கினாலும் புரியும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். முப்பத்துநான்கு வருஷம் அவரோடு குடும்பம் நடத்திய என் அக்காளுக்கே புரியவில்லை.

சொல் 'கொள்ளாம்'. குமரி மாவட்டத்தில், அதிலும் மார்த்தாண்டம் பக்கம், இதைச் சொல்லாமல் ஒருவருக்கும் ஒரு நாள் கழியாது. நன்றாக இருக்கிறது என்று பொருள். மீன்குழம்பு கொள்ளாம், சட்டை கொள்ளாம், போதகர் பிரசங்கம் கொள்ளாம். பரவாயில்லை, ஒப்பேற்றிவிடலாம் என்றும் பொருள். கையிலிருந்த கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டு உடைத்தவனைப் பார்த்துச் சொன்னால், நீ உருப்பட்ட மாதிரிதான் என்று பொருள். எந்தக் கொள்ளாம் என்பதை முகத்தைப் பார்த்தும் குரலைக் கேட்டும் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். அத்தானிடம் மட்டும் அது நடக்காது. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே குரல்.

மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தார். பெயின்ட் கடைக்காரனின் முதல் வேலை, குழம்பிப்போய் வருகிறவன் தலையில் ஏதாவது ஒரு நிறத்தைக் கட்டி அனுப்புவது. அதற்கு அத்தான் லாயக்கே இல்லை. புது வீடு கட்டிய ஒருவர் ஒருநாள் வண்ண அட்டையோடு வந்து, "அண்ணாச்சி, இளம்பச்சை அடிக்கவா, கிரீம் அடிக்கவா?" என்று கேட்டார். அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பச்சை கொள்ளாம்" என்றார். வந்தவர் தெளிந்து போய் வாய் திறப்பதற்குள், "கிரீமும் கொள்ளாம்" என்றார். கடைசியில் அந்த மனுஷன் வீட்டின் முன்பக்கம் பச்சையும் பக்கவாட்டில் கிரீமும் அடித்தார். குழித்துறை போகிற வழியில் அந்த வீடு இன்றைக்கும் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் ரோட்டின் மறுபுறம் பார்த்துக்கொண்டு போவேன். அத்தானிடம் சொன்னால், "அதுவும் கொள்ளாம்தான் மக்கா, ரெண்டு வீடு மாதிரி இருக்குல்லா" என்பார்.

அவருடைய கோளாறு என்னவென்றால், 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவ்வளவுதான். இனயத்திலிருந்து வரும் மீன்காரப் பெண்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீட்டு கேட்டுக்கு வந்துவிட்டால் போச்சு. இரண்டு பேரிடமும் வாங்குவார். இரண்டும் சாளை மீனாகவே இருக்கும். அக்கா அரிவாள்மணையை முன்னால் போட்டுக்கொண்டு, "இத்தனையும் ஆரு திங்கதுக்கு?" என்று கேட்பாள்.

"ஒருத்திட்ட வாங்கிட்டு மத்தவள வேண்டாம்னு எப்பிடி சொல்லுகது? அவ முகத்தப் பாத்தியா நீ?"

"எனக்க முகத்தப் பாருங்க."

அத்தான் பார்ப்பார். மீன் செதிள் ஒட்டிய முகத்தையும் அவர் கொள்ளாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் வெளியே போய்விடுவேன்.

இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் கார் வாங்கப் புறப்பட்டார்.

காருக்குக் காரணம் அக்காளின் முட்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து, நின்று நின்று, ஓய்வு பெறும்போது இரண்டு முழங்காலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் அவள். ஒருநாள் குழித்துறையில் பஸ்ஸில் ஏறப் போயிருக்கிறாள். படி உயரம். கண்டக்டர் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, கீழிருந்து யாரோ ஒரு புண்ணியவான் இடுப்பில் கைகொடுத்துத் தள்ள, எப்படியோ ஏற்றிவிட்டார்கள். பின்னால் யாரோ சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள். எங்கள் அப்பா இறந்த அன்றைக்குக்கூட எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தவள் அவள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"லேய், வண்டிக்க நெறமோ பேரோ எனக்கு வேண்டாம்" என்றாள் என்னிடம். "நானா ஏறணும், நானா எறங்கணும். என்னைய ஆரும் பிடிச்சு ஏத்தப்பிடாது. எத்தர பேர நான் தூக்கி கட்டில்ல கெடத்தியிருப்பேன். என்னைய இனி ஆரும் தூக்கப்பிடாது. இத மட்டும் ஒனக்க அத்தான்ட்ட சொல்லு."

சொன்னேன். "அதுக்கென்ன, வாங்கிரலாம்" என்றார் அத்தான். அன்றிலிருந்து ஒன்றரை வருஷம். நான் தபாலாபீஸில் வேலை பார்ப்பவன். எனக்கு இருந்த லீவையெல்லாம் அந்த ஒன்றரை வருஷம் தின்றது.

நாகர்கோவில் ஷோரூம் ஒன்றில் இரண்டு வண்டிகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று சின்னது. காரை விடக் கொஞ்சம் உயரம், ஜீப்பை விடக் குட்டை. கிராஸ்ஓவர் என்றார்கள். கதவைத் திறந்தால் இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருக்கும். அக்கா திரும்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று பெரியது. மலையேறுகிற முரட்டு எஸ்யூவி, நான்கு சக்கரமும் இழுக்கும். கதவுக்குக் கீழே ஒரு படி, அந்தப் படியில் ஏறவே ஒரு படி வேண்டும்.

முடிவு வெட்டவெளிச்சம் இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகிற வழியில் அத்தானுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருந்தது. தார்ரோடு முடிந்த இடத்திலிருந்து உருளைக்கல்லும் செம்மண்ணுமாக ஒரு ஏற்றம். மழைக்காலத்தில் அதில் சின்ன வண்டி ஏறாது. போதாக்குறைக்கு அந்தப் பெரிய வண்டியின் பானெட்டில் அவர் கையை வைத்துவிட்டார். பசுமாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். 

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். இடதுபக்கம் சின்னது, வலதுபக்கம் பெரியது. வளைந்த கையெழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். சின்னதுக்கு எண்ணெய் குறைச்சலாகக் குடிக்கும். பெரியதுக்கு நிப்பு, அதாவது நிற்கிற தோரணை, நல்லது. சின்னது சந்துக்குள் திரும்பும். பெரியது தோட்டத்துக்குப் போகும். ஒருநாள் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். குறை என்று ஒரு வரி கிடையாது.

"அத்தான், குறைன்னு ஒரு கட்டம் போடுங்க."

"குறை எழுதினா பின்ன வாங்கதுக்கு மனசு வராதுல்லா மக்கா."

"அதுக்குதான் அத்தான் எழுதுகது. ஒண்ணு வாங்கப்பிடாதுன்னு தெரியணும்லா."

நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடிவைத்தார். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

சின்னதை மலைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஷோரூமிலிருந்து கூடவே வந்த விற்பனையாளர் சேலத்துக்காரர், எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓட்டியது நான். பாதி ஏற்றத்தில் வண்டியின் அடிவயிற்றில் ஒரு கல் 'கர்ர்' என்று உரசியது. சேலத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "சார், இந்த ரோட்டுக்கு இது ஆவாது சார். பெருசுதான் சார் உங்களுக்கு" என்றார். அத்தான் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "கல்லு உருண்டு போச்சு, வண்டி நிக்கி. கொள்ளாம்" என்றார்.

அடுத்த வாரம் பெரியதை வீட்டுச் சந்துக்குள் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பக்கமும் மதில். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நான் அங்குலம் அங்குலமாக உருட்ட, அத்தான் முன்னால் நடந்துகொண்டே கையைக் காட்டினார். பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் பாதி எங்களோடு வந்தது. அந்த வீட்டம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இதென்ன, சவத்த, தேரா இழுக்கிய?" என்று கேட்டாள். அத்தான் கையில் ஒரு பூவை எடுத்துப் பார்த்துவிட்டு, "இலைதான கூட போயிருக்கு. கொள்ளாம்" என்றார். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது என்று ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அடுக்களையில் எனக்குச் சாயா தரும்போது சொன்னாள்.

"முடிவெடுக்க மாட்டாவ. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்னைக்கே?"

"என்னையப் பாக்க வந்த அன்னைக்கே."

அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வைத்தோம். அத்தான் ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்து, அக்காளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "கொள்ளாம்" என்றார். அது முந்திரிக்கொத்துக்கா, அக்காளுக்கா என்று எங்கள் வீட்டில் அன்றே ஒரு சந்தேகம் கிளம்பியது. இரண்டுக்கும்தான் என்று தரகர் முடித்து வைத்தார். கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் கழித்து அத்தானின் அம்மா அக்காளிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காலையில் தக்கலையில் வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தார்களாம். அங்கேயும் அவன் கொள்ளாம் என்றுதான் சொன்னானாம்.

"ஒருக்கா கேட்டேன், என்னையப் பிடிச்சுதான்னு. அதுக்கும் கொள்ளாம்னாவ" என்றாள் அக்கா. "தக்கலைக்காரிய பத்தி கேக்கல்ல. கேட்டா நான் தோத்துப்போன மாதிரில்லா. ஒருத்தரு என்னைய பாத்து எடுத்தாவளா, இல்ல கையில கெடச்சதக் கெட்டினாவளான்னு தெரியாமலே சாவப்போறேன், அவ்வளவுதான். ஒனக்கு சீனி காணுமா?"

இதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்றால், நானும் சாயாவுக்குச் சீனி போதும் என்றுதான் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். சேலத்துக்காரர் அத்தானுக்குப் போன் செய்தார். "சார், பெரிய வண்டி கருப்பு கலர்ல ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்காகத்தான் தனியா நிறுத்தி வச்சிருக்கோம். என்ன சார் சொல்றீங்க?"

அத்தான் சொன்னார், "கருப்பா? கொள்ளாம்."

சேலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. 'எடுத்துக்கொள்ளலாம்' என்பதைத்தான் இந்த ஊர்க்காரர்கள் சுருக்கிச் சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை குடும்பத்தோடு வரச்சொன்னார். கருப்பு நிறத்தைக் காட்டக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, லீவு போட்டு, என் பழைய காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள். நடுக்கூடத்தில் சிவப்புப் பட்டுத்துணி போர்த்தி ஒரு மலை நின்றது. ஒரு பெண் எங்கள் மூவர் கையிலும் ரோஜாப்பூ கொடுத்தாள். மேஜையில் கேக் இருந்தது, பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டிய தாள்கள். என்ன நடக்கிறது என்று நான் கேட்பதற்குள் துணியை உருவிவிட்டார்கள். கருப்பாக, மாலையும் கழுத்துமாக, பெரிய வண்டி.

நான் அத்தானைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது அவருக்கு. கொள்ளாம் என்று சொன்னதன் வினை என்று அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் இத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது? கை மட்டும் தானாகப் போய் பானெட்டில் உட்கார்ந்துகொண்டது.

"மேடம், முதல்ல நீங்க ஏறுங்க மேடம்" என்றார் சேலத்துக்காரர்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் பானெட்டைப் பார்த்தார். ரோஜாப்பூவை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் கைப்பிடியைப் பிடித்தாள். வலதுகாலைப் படியில் வைத்து எம்பினாள். முட்டு மடங்கவில்லை. இறங்கினாள். இடதுகாலை வைத்துப் பார்த்தாள். அதற்குள் உதவிக்கு ஆள் வந்துவிட்டது. சேலத்துக்காரர் ஒருபுறமும் இன்னொரு பணியாளர் மறுபுறமுமாக அவள் அக்குளுக்கடியில் கைகொடுத்து, "ஒன், டூ" என்று சொல்லித் தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். மறுபடியும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா அந்த உயரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சேலையின் கொசுவத்தைச் சரி செய்தாள். யாரையும் பார்க்காமல், "செரி. பழகிரும்" என்றாள்.

எனக்கு அத்தானை அடித்துவிடலாம் போலிருந்தது. பொய் சொல்லவில்லை, கையை மடக்கிவிட்டேன்.

"வேண்டாம்" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசினார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சொல்லை அந்தக் குரலில் நான் அதுவரை கேட்டதே இல்லை.

"சார்?" என்றார் சேலத்துக்காரர்.

"இது வேண்டாம்." அத்தான் கையை வண்டியிலிருந்து எடுத்திருந்தார்.

"சார், நீங்கதானே சார் போன்ல கொள்ளலாம்னு சொன்னீங்க?"

நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போய் அந்தச் சொல்லை விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "அப்ப வாங்குறதுக்கு என்னதான் சார் சொல்லுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 

அதற்குள் அக்காளை இறக்க ஆட்கள் கை நீட்டிவிட்டார்கள். "ஆரும் பிடிக்காண்டாம்" என்றாள். கைப்பிடியைப் பிடித்து, பின்புறமாகத் திரும்பி, வழுக்கி வழுக்கி அவளே இறங்கினாள். நேரமெடுத்தது. கூடமே நின்று பார்த்தது. அத்தான் பக்கத்தில் போய் நின்றார். ஆனால் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் தரையில் கால் ஊன்றிய பிறகுதான் கையை வெளியே எடுத்தார்.

பிறகு சின்ன வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். அக்கா திரும்பி உட்கார்ந்தாள், காலை எடுத்து உள்ளே வைத்தாள், இறங்கினாள், மறுபடி ஏறி உட்கார்ந்தாள். யாரும் தொடவில்லை. அத்தான் கையெழுத்துப் போட்டார். கேக்கையும் சின்ன வண்டிக்கே வெட்டினார்கள். போகிறபோது அத்தான் சேலத்துக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் நெனைக்காதிங்க, அதுவும் நல்ல வண்டிதான்" என்று மூன்று தடவை சொன்னார். வாசலில் நின்று கருப்பு வண்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம்தான் அத்தான் இருந்தார். தோட்டத்துக்குப் போனால் தார்ரோடு முடிகிற இடத்தில் சின்ன வண்டியை நிறுத்திவிட்டு, அந்த ஏற்றத்தைக் குடையோடு நடந்தே ஏறுவார். மூச்சு வாங்கும். கேட்டால், "நடக்கதும் கொள்ளாம்" என்பார். அக்கா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அந்த வண்டியில்தான் போகிறாள். ஓட்டுவது நான்.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய காரில் அக்கா முன்னால், அத்தான் பின்னால்.  தக்கலை பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"இஞ்சேருங்க. அந்தத் தக்கலைக்காரி இப்பம் எங்க இருக்கா?"

"எந்தத் தக்கலைக்காரி?"

"என்னையப் பாக்க வந்த அன்னைக்கு காலத்த போய்ப் பாத்தியள்லா. அவ."

"அவளா. எனக்குத் தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு அத்தான், "கொள்ளாம், நல்ல பிள்ளையாக்கும்" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இந்த மனுஷன் திருந்தவே மாட்டார்.

"பின்ன அவளயே கெட்டியிருக்கலாமே" என்றாள் அக்கா.

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்லா."

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

"ஆர்ட்ட சொன்னிய?"

"அம்மைட்ட. ஒங்க வீட்டுல இருந்து திரும்பிப் போகச்சில, பஸ்ஸுல வச்சே சொல்லிட்டேன். தக்கலை வேண்டாம்னு."

"மாமி எனக்கிட்ட அப்பிடிச் சொல்லல்லியே."

"அம்மைக்குத் தக்கலையாக்கும் பிடிச்சிருந்து. பின்ன எப்பிடிச் சொல்லுவா?"

"முப்பத்தொண்ணு வருசமா நீங்க ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே."

அக்கா கைப்பையைத் திறந்து கர்சீப்பை எடுத்தாள், துடைக்காமலே மறுபடி உள்ளே வைத்தாள். அழகியமண்டபம் சந்திப்பில் நெரிசல், வண்டியை நிறுத்தினேன். அவள் எதிரே நின்ற பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "கொள்ளாம்" என்றாள்.

"என்னது?" என்றார் அத்தான்.

அவள் திரும்பவில்லை. அவர் முன்னால் சாய்ந்து என் தோளைத் தட்டினார். "லேய் மக்கா, இவ என்ன கொள்ளாம்ங்கா? கோவமா?"

பின்னால் இருந்த அவருக்கு அக்காளின் முகம் தெரியாது. எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. மார்த்தாண்டம் வந்து சேர்கிறவரைக்கும் தோளைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவரும்தான் தவிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.